பக்கம் 187

அழைப்பிதழில் யாருடைய பெயர் யாருக்கு மேலே
என்பதற்கே ஒரு கிழமை போய்விட்டது.
இளைப்பாறிய அதிபருக்குக் கீழே
இரும்புக்கடை முதலாளி வரலாம்.
மேலே வந்தால் அதிபர் வரமாட்டார்.
முதற்பிரதி வாங்குகிறவர் முதலாளிதான்.
உறைக்குள் எவ்வளவு வைப்பார் என்று
நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.
அடைவில் இருக்கிற என் சங்கிலிதான்
அந்தத் தொகையை அடிக்கடி யோசிக்கிறது.

பகலில் மின்சார சபைக் கந்தோரில்
நிலுவைக்காரருக்குச் சிவப்புக் கடிதம் எழுதுகிறேன்.
நாவலில் பாதியும் அங்கேதான் எழுதினது,
கழித்துவிட்ட பட்டியல் தாள்களின் பின்பக்கத்தில்.
ஒரு அத்தியாயம் முழுக்க
ஆனைக்கோட்டையில் யாரோ கட்டாமல் விட்ட
எண்ணூற்று நாற்பது ரூபாயின் முதுகில்.

இன்றைக்கு அரை நாள் லீவு.
மண்டபக்காரர் சொன்னார்:
காலமை ஒரு சாமத்திய வீடு இருக்கு,
மூன்றரைக்குள்ள சோடினை கழட்டிப்போடுவினம்,
வாழைக்குலை மட்டும் நிண்டால் பறவாயில்லைத்தானே?
பறவாயில்லை என்றேன்.
வாழைக்குலை இலக்கியத்துக்குக் கெடுதல் செய்ததாக
நான் இதுவரை கேள்விப்படவில்லை.

பிறகு கே.கே.எஸ். வீதி அச்சகம்.
முன்னூறு பிரதி, பசை மணம் இன்னும் போகவில்லை.
சூசைநாதர் ஒரு கட்டை உடைத்து
மேலே இருந்ததை எடுத்துக் கையில் தந்தார்,
ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் தருகிற மாதிரி இல்லை,
மிச்சக் காசு தருகிற மாதிரி.
அது எனக்குப் பிடித்திருந்தது.

நின்றபடியே விரித்தேன். விரிந்தது 187.
"விடிவதற்குச் சற்று முன், பண்ணைக் கடலோரத்தில்,
தயாளன் இருந்தான்."

இறந்தான் என்றல்லவா வரவேண்டும்.
மிச்சம் நூற்றிருபது பக்கமும்
அவன் செத்ததால் நடப்பவை:
அந்தியேட்டி, காணிச் சண்டை, தங்கச்சி கனடா போவது,
வாசலில் அவனுடைய சைக்கிள் துருப்பிடிப்பது.

தட்டச்சு செய்த தர்மினியைக் கூப்பிட்டேன்.
என் குரலில் அந்தச் சிவப்புக் கடிதம் இருந்திருக்கும்.
அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்
ரப்பர் வளையம் போட்ட கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து
விரலை வைத்தாள்.
நீல மை. என் கை. இருந்தான்.
"நானும் யோசிச்சனான் அக்கா.
பேந்து, வேணுமெண்டுதான் எழுதியிருக்கிறியள் எண்டு விட்டிட்டன்."

ஏழு முறை திருத்தினேன்.
ஒரு மழையையே வெட்டி எறிந்தேன்.
காற்புள்ளிக்காக ஒரு இரவு நித்திரை கொள்ளவில்லை.
அந்த ஐந்தெழுத்தில் மட்டும்
ஏழு முறையும் கண் வழுக்கியிருக்கிறது.

தயாளனுக்கு நான் கொடுத்த நடை
கொக்குவிலில் ஒருவருடையது.
கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து, செருப்பை இழுத்து.
பதினாறு வருடமாக அவர் எங்கே என்று தெரியாது.
சான்றிதழ் எடுங்கோ என்று வந்தவர்களுக்கு
அவருடைய அக்கா தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டா.
அந்த வீட்டுப் பட்டியல் இன்னும் அவர் பெயரில்தான் போகிறது.
மாதம் தவறாமல் கட்டுகிறார்கள்.
ஒரு தடவைகூட நான் அவருக்குச்
சிவப்புக் கடிதம் எழுதவேண்டி வந்ததில்லை.
அக்காவுக்கும் அழைப்பிதழ் கொடுத்திருக்கிறேன்.

"துண்டு ஒண்டு அடிச்சு உள்ளுக்க வைப்பம்,
அஞ்சு நிமிச வேலை" என்றார் சூசைநாதர்.
மேசையில் இருந்த பேனையை எடுத்து எழுதினேன்:
பிழைதிருத்தம்.
பக்கம் 14, பனி அல்ல, பணி.
பக்கம் 92, கடைசி வரியில் ஒரு 'ஐ' கூட.
பக்கம் என்று மூன்றாவது தரமும் எழுதிவிட்டு
பேனையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன்.
வெளியே தெல்லிப்பழை பஸ்
ஆள் ஏற்றி முடிக்காமல் கோர்ண் அடித்தது.

அந்தச் சொல்லை வெட்டிவிட்டுத் தாளை நீட்டினேன்.
"ரெண்டே பிழைதானோ?"
"ரெண்டுதான்."
தர்மினி என்னைப் பார்க்காமல்
பிறின்ரரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆய்வுரை செய்கிறவர் கட்டாயம் கண்டுபிடிப்பார்,
கண்ணாடியைத் தூக்கிவிட்டு, பக்க எண்ணோடு.
சொல்லட்டும்.
ஏற்புரைக்கு எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள்,
அதில் நன்றிக்கே நாலு வேண்டும்.

ஸ்கூட்டியில் புத்தகக் கட்டை வைத்துக் கட்டும்போது போன்.
வடை நூற்றிருபது காணுமோ அக்கா?
வானத்தைப் பார்த்தேன்.
மழை வந்தால் மிஞ்சும்.